வன்முறை நகரில் ஒளிப்படச் சான்று: சுகிர்தராஜனின் திருகோணமலைப் படங்களை முன்வைத்து (2006–2019)

ஆய்வுச் சுருக்கம்

2006 ஜனவரி 2 அன்று இலங்கையின் திருகோணமலைக் கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்களிடம் இருந்த கைக்குண்டு வெடித்ததே மரணத்திற்குக் காரணம் எனப் படைத்தரப்பு முதலில் கூறியது. ‘சுடர் ஒளி’ நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த ஒளிப்படங்கள் அவ்வுடல்களில் துப்பாக்கிக் காயங்கள் இருந்ததைக் காட்டின. ஜனவரி 24 அன்று அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். ஒரு பொய் விளக்கத்தை உடைக்க இயன்ற ஒளிப்படத்தால் நீதிமன்றத் தீர்ப்பொன்றைப் பெற்றுத்தர ஏன் இயலவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ், இத்தாலியின் பலேர்மோ ஆகிய நகரங்களின் ஒளிப்பட இதழியல் அனுபவங்கள் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒளிப்பட இதழியல், திருகோணமலை, சுடர் ஒளி, சான்று, சாட்சி, பகுதிநேரச் செய்தியாளர், பலேர்மோ, சியுதாத் ஹுவாரெஸ்.

முன்னுரை

ஈழப் போர்க்காலத் தமிழ் இதழியலைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கொல்லப்பட்ட இதழாளர்களின் நினைவைப் போற்றுவனவாக அமைந்துள்ளன. அவற்றின் தேவை மறுக்கத்தக்கதன்று. எனினும், அவ்விதழாளர்கள் உருவாக்கிய செய்தியும் படமும் பொதுவெளியில் என்ன செய்தன, எந்த இடத்தில் தடைப்பட்டு நின்றன என்னும் வினாக்கள் வரலாற்று நோக்கில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. நினைவேந்தல், இறந்தவரைத் தியாகியாக நிறுத்துகிறது. வரலாற்றாய்வு அவரது பணியைச் சான்றாகக் கொண்டு அதன் வலிமையையும் எல்லையையும் அளக்க வேண்டியுள்ளது.

சுகிர்தராஜனின் படங்கள் இத்தகைய ஆய்வுக்குப் பொருத்தமானவை. அவை எடுக்கப்பட்ட சூழலும் அவற்றை ஒட்டி எழுந்த மறுப்பும் பின்வந்த விசாரணைகளும் பொதுப்பதிவில் உள்ளன. ஊடகவியலாளர் பாதுகாப்பு அமைப்புகளின் பதிவுகள், மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் அறிக்கைகள், உடலகம ஆணைக்குழுவின் அறிக்கை, 2019ஆம் ஆண்டு நீதிமன்ற முடிவு ஆகியன பதின்மூன்று ஆண்டு கால வரலாற்றைத் தொடர்ச்சியாகக் காண இடமளிக்கின்றன.

ஒப்பீட்டின் அடிப்படை

போதைப்பொருள் கும்பல்களின் வன்முறையையும் உள்நாட்டுப் போர்ச்சூழலின் வன்முறையையும் ஒன்றெனக் கொள்ள இயலாது. முன்னதன் அடிப்படை வணிக ஆதாயம். பின்னதன் அடிப்படை அரசு அதிகாரமும் இனப் பகையும். ஆயினும் இவ்விரு சூழல்களிலும் பணியாற்றும் உள்ளூர் ஒளிப்படக்காரரின் நிலையில் ஒரு பொதுமை உண்டு. சட்டத்தால் அமைந்த அதிகாரத்திற்கு அப்பால், ஆயுதத்தால் அமைந்த மற்றோர் அதிகாரம் நகரின் அன்றாட வாழ்வை நிர்ணயிக்கிறது. சிலவேளைகளில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இந்நிலையை வெளிப்படையாகச் சொன்ன ஆவணம் மெக்சிகோவிலிருந்து வந்தது. அமெரிக்க எல்லையில் அமைந்த சியுதாத் ஹுவாரெஸ் நகரின் ‘எல் தியாரியோ’ நாளிதழ் 2008 நவம்பரில் தன் குற்றச்செய்தியாளர் அர்மாந்தோ ரோத்ரிகெஸை இழந்தது. 2010 செப்டம்பர் 16 அன்று அதன் ஒளிப்படக்காரர் லூயிஸ் கார்லோஸ் சாந்தியாகோ தம் 21ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாள்களில் அவ்விதழ் தன் தலையங்கத்தைக் கும்பல்களையே விளித்து எழுதியது. நகரின் நடைமுறை அதிகாரிகள் நீங்களே. எதை வெளியிட வேண்டும், எதை வெளியிடக்கூடாது என்று சொல்லுங்கள் என்பது அத்தலையங்கத்தின் சாரம். அரசை நோக்கி எழுப்ப வேண்டிய முறையீட்டை நாளிதழ் ஒன்று கொலைகாரர்களிடமே வைத்தமை உலக இதழியல் வரலாற்றில் அரிதான நிகழ்வு.

கும்பல் வன்முறைக்கும் திருகோணமலை வன்முறைக்கும் இடையே ஒளிப்படம் சார்ந்து ஓர் அடிப்படை வேறுபாடு இருப்பதும் நோக்கத்தக்கது. மெக்சிகோக் கும்பல்கள் கொன்ற உடல்களைப் பாலங்களில் தொங்கவிட்டும், அவற்றின் அருகே எச்சரிக்கை வாசகங்களை எழுதிவைத்தும் செல்வதுண்டு. அவ்வன்முறை பார்க்கப்படுவதற்காகவே நிகழ்த்தப்படுகிறது. அங்கே ஒளிப்படக்காரர் தம் விருப்பத்திற்கு மாறாகக் கொலைகாரர்களின் தூதராக்கப்படும் அபாயம் உண்டு. திருகோணமலையில் நிகழ்ந்தது இதற்கு எதிரானது. இறப்பு மறைக்கப்படவில்லை, இறந்த விதம் மறைக்கப்பட்டது. முதல்வகை வன்முறைக்குப் படம் தேவைப்படுகிறது. இரண்டாம்வகை வன்முறைக்குப் படம் இடையூறாகிறது. ஒளிப்படக்காரர் இரண்டு இடங்களிலும் கொல்லப்படுகிறார். ஆனால் அவரது படம் ஆற்றும் பணி இரண்டிடத்தும் வேறு.

2005ஆம் ஆண்டின் இறுதியில் திருகோணமலை

இயற்கைத் துறைமுகமும் கோணேசர் கோயிலும் கொண்ட திருகோணமலை, தமிழர், முசுலிம்கள், சிங்களர் ஆகிய மூவினத்தாரும் வாழும் நகரமாகும். கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகமும் அங்கேயே உள்ளது. 2002 பிப்ரவரியில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கை பெயரளவில் நடப்பில் இருந்தபோதிலும், 2005இல் நகரம் அமைதியில் இல்லை. அவ்வாண்டு மே மாதம் பேருந்து நிலையப் பகுதியில் புத்தர் சிலை ஒன்று நிறுவப்பட்டதை ஒட்டிப் பதற்றம் மூண்டது. நவம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் படையினர் மீதான தாக்குதல்களும் பொதுமக்கள் மீதான பதிலடிகளும் பெருகின. டிசம்பர் இறுதியில் காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படை நகருக்குள் கொண்டுவரப்பட்டது.

இதழாளர்களின் நிலை அதற்கு முன்னரே சீர்குலைந்திருந்தது. 2000 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜனும், 2004 மே மாதம் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசனும், 2005 ஏப்ரலில் கொழும்பில் தர்மரத்தினம் சிவராமும் கொல்லப்பட்டனர். 2005 ஆகஸ்டில் கொழும்பிலிருந்த ‘சுடர் ஒளி’ வளாகத்தின் மீது கைக்குண்டு வீசப்பட்டதில் காவலாளி ஒருவர் உயிரிழந்தார். இக்கொலைகள் எவற்றிலும் நம்பத்தக்க தண்டனை எவருக்கும் கிட்டவில்லை. தமிழர் தரப்பிலும் மாற்றுக் கருத்துக்கு இடமிருக்கவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இரு தரப்பு மீறல்களையும் பதிவுசெய்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ராஜினி திரணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டதை இவ்வரலாற்றிலிருந்து நீக்கிவிட முடியாது. சான்றைச் சேகரிப்போர் எல்லா ஆயுதத் தரப்பினருக்கும் வேண்டாதவராய் இருந்தனர் என்பதே இதனால் அறியப்படுவது.

2006 ஜனவரி 2

அன்று மாலை திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலையை அடுத்த பகுதியில், நண்பர்களான மாணவர் சிலர் கூடியிருந்தனர். அனைவரும் ஏறத்தாழ இருபது வயதினர். முச்சக்கர வண்டி ஒன்றிலிருந்து அவர்களை நோக்கிக் கைக்குண்டு வீசப்பட்டதாகவும், பின்னர் சீருடையினர் அவ்விடத்தைச் சூழ்ந்து காயமுற்றவர்களைத் தாக்கிச் சுட்டதாகவும் உயிர்தப்பியோர், உறவினர் ஆகியோரின் கூற்றுகள் தெரிவிக்கின்றன. கொல்லப்பட்ட மாணவர் ஒருவரின் தந்தையான மருத்துவர், படையினர் தம்மைச் சூழ்ந்திருப்பதாக மகன் கைப்பேசி வழி அறிவித்ததைத் தொடர்ந்து சாட்சியமாகக் கூறிவந்துள்ளார். ஐவர் இறந்தனர், இருவர் காயங்களுடன் உயிர்தப்பினர்.

இந்நிகழ்வு குறித்து இரண்டு விளக்கங்கள் உடனடியாக உருவாயின. படைத்தரப்பின் முதல் அறிக்கைகள், மாணவர்கள் வைத்திருந்த கைக்குண்டு தவறுதலாக வெடித்ததில் அவர்கள் இறந்தனர் என்றன. குடும்பத்தாரும் ஊராரும் அவர்கள் சுடப்பட்டனர் என்றனர். முதல் விளக்கம் ஏற்கப்பட்டிருந்தால் இறந்தோர் ஐவரும் குண்டு வைத்திருந்த குற்றவாளிகளாக ஆவணங்களில் நிலைபெற்றிருப்பர். கொலை என்னும் சொல்லுக்கே இடமிருந்திராது. ஆகவே இங்கு எழுந்த முதல் வினா ‘கொன்றவர் யார்’ என்பதன்று. ‘இது கொலையா’ என்பதே.

பிணவறைப் படங்கள்

திருகோணமலை மருத்துவமனைப் பிணவறையில் வைக்கப்பட்டிருந்த உடல்களைச் சுகிர்தராஜன் படமெடுத்தார். அப்படங்கள் ‘சுடர் ஒளி’யில் வெளியாயின. தலையிலும் உடலிலும் இருந்த காயங்கள் துப்பாக்கிக் குண்டுகளால் ஏற்பட்டவை என்பதையும், அண்மையிலிருந்து சுடப்பட்டமைக்கான தோற்றத்தையும் அவை காட்டின. சட்ட மருத்துவ ஆய்வும் மரணத்திற்குத் துப்பாக்கிக் காயங்களே காரணம் என்று கண்டது. கைக்குண்டு விபத்து என்ற விளக்கம் அதன்பின் நிலைக்கவில்லை.

இங்கு இரண்டு சான்றுகளின் இயல்பை வேறுபடுத்திக் காண்பது பொருத்தமாகும். உடற்கூறாய்வு அறிக்கை சட்ட மதிப்பு மிக்கது. ஆனால் அது விசாரணைக் கோப்புக்குள் இருப்பது; அதிகாரிகளின் வழியாக நகர்வது; பொதுமக்கள் உடனே காண இயலாதது. நாளிதழில் அச்சான படத்திற்கு அத்தகைய சட்ட மதிப்பு இல்லை. ஆனால் அது ஒரே நாளில் பல்லாயிரம் கண்களுக்குச் சென்றுசேர்கிறது. கோப்புக்குள் ஓர் அறிக்கையைத் தாமதப்படுத்தலாம், திருத்த முயலலாம், காணாமற்போகச் செய்யலாம். அச்சாகிவிட்ட படத்தை அவ்வாறு செய்ய இயலாது. படம் வெளியானபின் மருத்துவ அறிக்கை வேறுவிதமாக எழுதப்படுவதற்கான வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. மருத்துவச் சான்றுக்குப் பொதுவெளியில் ஒரு காவலாக நின்றது ஒளிப்படம் எனக் கூறுவது மிகையாகாது.

இறந்த உடலைப் படமெடுத்து வெளியிடுவதன் அறம் பற்றிய வினாவும் இங்கு எழுகிறது. மெக்சிகோவில் ‘நோட்டா ரோஹா’ என்றழைக்கப்படும் குற்றச்செய்தி இதழியல் மரபு, உடல்களின் படங்களை விற்பனைப் பொருளாக்கியது என்னும் கண்டனம் நெடுங்காலமாக உண்டு. தமிழ் நாளிதழ்களுக்கும் இக்கண்டனம் பொருந்தும் தருணங்கள் உள்ளன. சுகிர்தராஜனின் படங்களை இவ்வகையில் சேர்க்க இயலாமைக்குக் காரணம் அவற்றின் கலைத்தன்மையோ, எடுத்தவரின் நோக்கமோ அன்று. காயம் எத்தகையது என்பதே அப்போது மறுக்கப்பட்டிருந்த உண்மை. முகத்தை மட்டும் காட்டும் படம் துயரத்தைத் தெரிவித்திருக்கும், மறுப்பைத் தகர்த்திராது. மறுக்கப்பட்ட உண்மை உடலின் எப்பகுதியில் இருந்ததோ அப்பகுதியைக் காட்டியமையால் அப்படங்கள் காட்சிப்பொருள் என்னும் நிலையிலிருந்து சான்று என்னும் நிலைக்கு உயர்கின்றன.

2006 ஜனவரி 24

ஜனவரி 24, செவ்வாய்க்கிழமை காலை, பணிக்குச் செல்லும் வழியில், ஆளுநர் செயலகத்திற்கு அண்மையில் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தவர். இரண்டு குழந்தைகளின் தந்தை. உயர் பாதுகாப்புப் பகுதியில், பகல் வெளிச்சத்தில் நடந்த அக்கொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

கொலைக்கான காரணத்தைப் படங்களோடு மட்டும் பிணைப்பதில் எச்சரிக்கை தேவை. அவர் இறப்பதற்கு முந்தைய நாளில், திருகோணமலையில் இயங்கிய துணை ஆயுதக் குழுக்களைப் பற்றி அவர் எழுதிய செய்தியும் வெளிவந்திருந்தது. கொலையாளி எவர் என நிறுவப்படாத நிலையில் நோக்கம் எது என அறுதியிட்டுக் கூறுவது ஆய்வு நெறிக்கு உகந்ததன்று. மாணவர் படுகொலையின் படங்கள், ஆயுதக் குழுக்கள் பற்றிய செய்தி ஆகிய இரண்டும் ஒரே மாதத்தில் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை என்பது மட்டும் உறுதி. அவரது கொலை, காரணம் எதுவாயினும், முதற்சான்றை உருவாக்கிய ஒருவரை வழக்கிலிருந்து அகற்றிவிட்டது.

பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நீதிமன்றங்களில் ஒளிப்படம் தானாகவே சான்றாகிவிடுவதில்லை. அது எப்போது, எங்கே, எவரால் எடுக்கப்பட்டது, காட்டும் காட்சிக்கு உண்மையானதா என்பதை எடுத்தவரோ, காட்சியை நேரில் கண்ட மற்றொருவரோ உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே ஒளிப்படக்காரர் இரு நிலைகளில் சாட்சியாகிறார். தாம் கண்டதற்குச் சாட்சி. தம் படத்திற்கும் சாட்சி. படம் அவருக்குப் பின்னும் நிலைக்கிறது. படத்திற்காகப் பேசும் குரல் நிலைப்பதில்லை.

ஒரு படம் நீதிமன்றத்தை அடைந்த வரலாறு: பலேர்மோ

ஒளிப்படம் நீதிமன்றச் சான்றாவதற்கு என்னென்ன தேவை என்பதை அறிய, சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவின் வரலாறு துணைபுரிகிறது. அந்நகரின் ‘லோரா’ நாளிதழ் மாஃபியாவைப் பற்றி எழுதியதற்காக 1958இல் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் செய்தியாளர் மௌரோ தெ மௌரோ 1970 செப்டம்பரில் கடத்தப்பட்டார். பின்னர் அவர் காணப்படவேயில்லை. அந்த நாளிதழில் 1970களின் நடுவிலிருந்து பணியாற்றிய லெதீசியா பத்தாலியா (1935–2022), பலேர்மோத் தெருக்களில் நிகழ்ந்த கொலைகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார். 1980 ஜனவரி 6 அன்று சிசிலி மாநில ஆட்சித் தலைவர் பியெர்சாந்தி மத்தரெல்லா சுடப்பட்டபோது, அவரது உடலைச் சகோதரர் செர்ஜியோ தாங்கியிருந்த காட்சியைப் பதிவுசெய்தவரும் அவரே. அச்சகோதரர் பின்னாளில் இத்தாலியின் குடியரசுத் தலைவரானார்.

ஆனால் நீதிமன்றத்தில் பயன்பட்டது கொலைக்காட்சிப் படம் ஒன்றன்று. இத்தாலியின் பிரதமராகப் பலமுறை இருந்த ஜூலியோ அந்த்ரியோத்தி மீது 1993இல் மாஃபியாத் தொடர்புக் குற்றச்சாட்டு எழுந்தபோது, புலனாய்வாளர்கள் பத்தாலியாவின் படத் தொகுப்பைத் தேடினர். 1979இல் ஒரு விடுதியில் நடந்த அரசியல் நிகழ்வில் எடுக்கப்பட்ட படங்கள் கிடைத்தன. மாஃபியாவோடு தொடர்புடைய நீனோ சால்வோவைத் தமக்குத் தெரியாது என்று அந்த்ரியோத்தி கூறிவந்த நிலையில், அப்படம் இருவரையும் ஒருசேரக் காட்டியது. எடுத்தவருக்கே மறந்துபோயிருந்த படம் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வழக்கின் பகுதியாயிற்று. 1999இல் அவர் விடுதலையானார். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1980 வரையிலான மாஃபியாத் தொடர்பு நிறுவப்பட்டுள்ளது, ஆயினும் காலவரம்பு கடந்துவிட்டது எனக் கூறியது. 2004இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

இவ்வரலாற்றிலிருந்து நான்கு நிபந்தனைகளைப் பிரித்தறியலாம். முதலாவது, படமெடுத்தவர் உயிரோடு இருந்தார். இரண்டாவது, எதிர்மறைச்சுருள்கள் ஒழுங்குபடுத்திப் பாதுகாக்கப்பட்டிருந்தன. மூன்றாவது, ஆட்சியதிகாரத்திற்கு எதிராகவும் புலனாய்வை நடத்த முன்வந்த வழக்குத்தொடுநர்கள் இருந்தனர். நான்காவது, படம் ‘என்ன நடந்தது’ என்பதையன்றி ‘யார் யாரோடு இருந்தார்’ என்பதைக் காட்டியது. இத்தனையும் அமைந்த நிலையிலும் தண்டனை கிட்டவில்லை என்பது ஒளிப்படச் சான்றின் ஆற்றலை மிகைப்படுத்துவோர் கருத்தில் கொள்ள வேண்டிய உண்மையாகும்.

ஆணைக்குழுவிலிருந்து நீதவான் நீதிமன்றம் வரை

திருகோணமலையில் இந்நிபந்தனைகளுள் முதலாவது 22 நாள்களில் அழிந்தது. மூன்றாவது தொடக்கத்திலிருந்தே ஐயத்திற்குரியதாய் இருந்தது. 2006 ஆகஸ்டில் அம்மாவட்டத்தின் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்ட பின், பன்னாட்டு அழுத்தம் மிகுந்தது. அவ்வாண்டு நவம்பரில் நீதியரசர் நிசங்க உடலகம தலைமையில் குடியரசுத் தலைவர் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மாணவர் ஐவர் கொலையும் அதன் விசாரணைப் பட்டியலில் இருந்தது. அதனைக் கண்காணிக்க, இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பி. என். பகவதியைத் தலைவராகக் கொண்ட பன்னாட்டுச் சான்றோர் குழு நியமிக்கப்பட்டது.

சாட்சிகளுக்குப் பாதுகாப்பு இல்லை, அரசுத் தலைமை வழக்கறிஞர் துறையின் பங்கேற்பு நலன் முரண் உடையது என்பன அக்குழுவின் முதன்மையான குறைபாட்டுக் கூற்றுகளாகும். 2008இல் அது தன் பணியை முடித்துக்கொண்டு விலகியது. வெளிநாடுகளில் புகலடைந்த சாட்சிகள் சிலர் காணொளி வழியாகச் சாட்சியமளித்தனர். ஆணைக்குழுவின் அறிக்கை 2009இல் அளிக்கப்பட்டபோதிலும் 2015 அக்டோபரில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. இடையே, 2011இல் வெளியான கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையும் இவ்வழக்கில் மேல்நடவடிக்கை தேவை என வலியுறுத்தியது.

2013 ஜூலையில், அப்போதைய ஐ.நா. மனித உரிமை ஆணையர் நவநீதம் பிள்ளையின் இலங்கைப் பயணத்திற்குச் சில வாரங்கள் முன்னதாக, சிறப்பு அதிரடிப் படையினர் கைதுசெய்யப்பட்டனர். அக்டோபரில் அவர்கள் பிணையில் வெளிவந்தனர். சாட்சிகள் பலர் நாட்டை விட்டு வெளியேறியிருந்தனர். எஞ்சியோர் அச்சத்தில் இருந்தனர். 2019 ஜூலை 3 அன்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சான்று இல்லை எனக் கூறி 13 பேரையும் விடுவித்தது.

இம்முடிவைச் சுகிர்தராஜனின் படங்களோடு இணைத்துக் காணும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. நீதிமன்றத்தில் அப்போது ‘எவ்வாறு இறந்தனர்’ என்பது வினாவாக இருக்கவில்லை. துப்பாக்கியால் கொல்லப்பட்டனர் என்பதை எவரும் மறுக்கவில்லை. 2006 ஜனவரியில் மறுக்கப்பட்ட அந்த உண்மை, 2019இல் வழக்கின் தொடக்கப்புள்ளியாகவே அமைந்துவிட்டது. அந்நிலையை உருவாக்கியதில் படங்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் ‘சுட்டவர் யார்’ என்னும் வினாவுக்குப் பிணவறையில் எடுத்த படம் விடை கூற இயலாது. அதற்கு உயிருள்ள சாட்சிகள் தேவை. அச்சாட்சிகளைக் காக்கும் அரசு தேவை. சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 2015இல்தான் இயற்றப்பட்டது. நிகழ்வு நடந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த பாதுகாப்பு, அதற்குள் சிதறிவிட்ட சாட்சிகளை மீட்டுத்தரவில்லை.

பகுதிநேரச் செய்தியாளர் என்னும் நிலை

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத கூறு ஒன்று உண்டு. சுகிர்தராஜன் முழுநேர இதழாளர் அல்லர். திருகோணமலைத் துறைமுகத்தில் பணிபுரிந்துகொண்டே செய்தியும் படமும் அனுப்பியவர். கொலையுண்ட காலையிலும் அவர் சென்றுகொண்டிருந்தது வாழ்வாதாரத்திற்கான அப்பணிக்கே. தமிழ் நாளிதழ்களின் மாவட்டச் செய்திகள் பெரும்பாலும் இத்தகைய பகுதிநேரச் செய்தியாளர்களாலேயே உருவாகின்றன என்பது இலங்கைக்கு மட்டுமன்றித் தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். குறைந்த ஊதியம், அலுவலக வாகனமின்மை, காப்பீடின்மை ஆகியன அவர்களின் பொதுநிலை.

இந்நிலைக்கும் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு உள்ளது. வெளியிலிருந்து வரும் செய்தியாளர் படமெடுத்தபின் நகரை விட்டு நீங்கிவிடுகிறார். உள்ளூர்ச் செய்தியாளர் மறுநாளும் அதே சாலையில், அதே நேரத்தில், அதே பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது. அவரது வீடும் பணியிடமும் செல்லும் வழியும் ஊரறிந்தவை. 2022 ஜனவரி 17 அன்று மெக்சிகோவின் திகுவானா நகரில், குற்றநிகழ்வுகளைப் படமெடுத்துவந்த மார்கரீத்தோ மார்த்தீனெஸ் தம் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார். அவரும் பல ஊடகங்களுக்குப் படம் வழங்கிய உள்ளூர் ஒளிப்படக்காரர். கண்டங்கள் கடந்த இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. ஆயுத அதிகாரம் நிலவும் நகரங்களில், உண்மைக்கு மிக அருகில் இருப்பவரே நிறுவனப் பாதுகாப்புக்கு மிகத் தொலைவில் இருக்கிறார்.

‘சுடர் ஒளி’யின் தாய் நிறுவனமான ‘உதயன்’ நாளிதழின் யாழ்ப்பாண அலுவலகம் 2006 மே 2 அன்று தாக்கப்பட்டு ஊழியர் இருவர் கொல்லப்பட்டபோது, உலக ஊடக சுதந்திர நாளுக்கான யுனெஸ்கோ நிகழ்வு கொழும்பில் நடக்கவிருந்தது. முழுநேர அலுவலகமும் சுவரும் காவலும் கொண்ட நிறுவனத்திற்கே இந்நிலை எனில், பேருந்துக்குக் காத்திருந்த பகுதிநேரச் செய்தியாளரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

வன்முறை நகரின் ஒளிப்படத்தை ஒரே வகையினதாகக் கொள்ள இயலாது. பார்க்கப்படுவதற்காக நிகழ்த்தப்படும் வன்முறையில் படம் அச்சுறுத்தலின் கருவியாகக்கூடும்; மறைப்பதற்காக விளக்கம் புனையப்படும் வன்முறையில் படம் அவ்விளக்கத்தின் மறுப்பாகிறது. சுகிர்தராஜனின் படங்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

இறந்தோரைக் குண்டு வைத்திருந்தோராகக் காட்டிய விளக்கத்தை அப்படங்கள் உடைத்தன. ஐந்து இளைஞர்களின் பெயர் மீது விழவிருந்த பழியை நீக்கியதே அவற்றின் முதன்மையான வரலாற்றுப் பயன். கொலைகாரரை அடையாளம் காட்டும் பணியை அவற்றிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. அப்பணி புலனாய்வாளருக்கும் வழக்குத்தொடுநருக்கும் சாட்சிகளைக் காக்க வேண்டிய அரசுக்கும் உரியது. 2019இல் தோற்றது அந்த அமைப்பே.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளை ஆராய்வோர்க்கு உடனடிப் பணி ஒன்றும் உள்ளது. பலேர்மோவில் மறக்கப்பட்ட ஒரு படம் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. ஏனெனில் அது பாதுகாக்கப்பட்டிருந்தது. போர்க்காலத் தமிழ் நாளிதழ்களின் ஒளிப்படங்கள், குறிப்பாக மாவட்டச் செய்தியாளர்கள் எடுத்தவை, எடுத்தவர் பெயர், நாள், இடம் ஆகிய விவரங்களோடு தொகுக்கப்பட வேண்டும். அவ்விவரங்களை உறுதிப்படுத்தக்கூடிய சக செய்தியாளர்களும் அச்சக ஊழியர்களும் இன்னும் உயிரோடு இருக்கின்றனர். ஆண்டுதோறும் ஜனவரி 24 அன்று சுகிர்தராஜனின் உருவப்படத்திற்கு மாலை அணிவிக்கப்படுகிறது. அவர் எடுத்த படங்களுக்குச் சாட்சி கூறவல்லோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தலும் அந்நினைவேந்தலின் பகுதியாக வேண்டும்.